நின்றார், விட்டார், மற்றவை

அந்தத் தெருக்களில் அவளுக்குக் கேள்விக்காரி என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியாது. கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வந்துவிடும். "போன வருஷம் சொன்னதேதான் இந்த வருஷமும். அப்படியே எழுதிக்கிட்டுப் போ."

"மாறலன்னு சொல்றதுக்கும் ஒரு கட்டம் இருக்கு. கதவத் திற" என்பாள் அவள்.

பதினாறு வருடங்களாக இதுதான் வேலை. ஊரின் மறுகோடியில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனம், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பதினான்கு வயதில் பிடித்து இருபத்து நான்கு வரை விடாமல் பின்தொடர்ந்தது. அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலை, பிள்ளை கடைசியில் எதில் போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தின் தாள்களில் இதற்குச் 'சமூக நகர்வு' என்று பெயர். வாசலில் நின்று அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "பெத்தவங்க இருக்கற படியிலேயே பிள்ளையும் இருக்கா, ஒரு படி ஏறிச்சா, இல்ல சறுக்கிடுச்சா, அதப் பாக்கறாங்க" என்று சொல்லிவைப்பாள்.

"பாத்து?" என்று ஒருமுறை ஒரு கொத்தனார் கேட்டார்.

அவள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். கேட்கிற இடத்தில் இருந்து பழகியவளுக்குப் பதில் சட்டென்று வாயில் வராது.

அவள் பையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், எண்களாக. தொழில் தெரிந்தவள். இரண்டே தம்ளர் இருக்கும் வீட்டில் டீ வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, குடித்துவிட்டு வந்திருக்கும் அப்பனிடம் எந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுவது, அம்மா பக்கத்தில் இருக்கும்போது மகளிடம் எதைக் கேட்கக் கூடாது, எல்லாம் அத்துப்படி. பகல் பதினொரு மணிக்கு வாசலில் வேலைக்குப் போடும் ஷூ கிடந்தால் பையனுக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தம். அவள் உள்ளே போய்க் கேட்பது வெறும் சம்பிரதாயம்.

ஆனால் அர்த்தம் பண்ணுவதற்கு அவளுக்கு அனுமதி இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒரு தகப்பன் "பையன் சும்மா இருக்கான்" என்று சொல்ல, பையன் சிறையில் இருப்பது தெருவுக்கே தெரியும் என்பதால் இவள் 'சிறை' என்று எழுதிவிட்டாள். நிறுவனத்தில் ஆய்வுக்குத் தலைமை வகித்த மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "நீங்க எழுதினது உண்மையா இருக்கலாம். ஆனா அவர் சொன்னது அது இல்ல. ஆளாளுக்குத் தெரிஞ்ச உண்மைய எழுத ஆரம்பிச்சா அப்புறம் அது ஆய்வு இல்ல, ஊர்வம்பு." அன்றிலிருந்து, சொன்ன சொல் எதுவோ அதுவே கட்டத்தில் விழும். விளக்கம் கூடாது. பின்னாளில் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தபோது, முதல் வாக்கியமாக இதைத்தான் சொல்வாள்.

வீடு இரண்டு அறை. அவளும் தங்கையும் தங்கை மகளும். தங்கையின் கணவர் இறந்து வெகுநாளாகிறது. கேள்விக்காரியின் கணவர் ஒருநாள் சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பியவர்தான், விவாகரத்தும் இல்லை, தகவலும் இல்லை. திருமண நிலை என்ன என்று யாராவது அவளைக் கேட்டால், "மற்றவை" என்பாள். அந்த நகைச்சுவை அவளுடைய அலுவலகத்தில் மட்டுமே எடுபடும்.

தங்கை, பெரிய மருத்துவமனையின் தரைக்குக் கீழே இருக்கும் சலவைக்கூடத்தில் பதினேழு வருடங்களாக வேலை செய்கிறாள். ஜன்னல் இல்லாத கூடம். எந்நேரமும் ஆவி. ப்ளீச்சில் ஊறி ஊறி நகங்கள் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்துவிட்டன. விரிப்பில் இருக்கும் கறையைப் பார்த்தே எந்த வார்டு என்று சொல்வாள். அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே வீட்டுக் கதவுநிலை தலையில் இடிக்கும், அதனால் நெட்டை என்று பெயர். நெட்டை ஒருநாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், வழிதவறி மூன்றாவது மாடிக்குப் போய்விட்டாள். அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் சின்னச் சின்னக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டி வரிசையாகச் செருகிக்கொண்டிருந்தாள். சாப்பாடு ஆறிப்போகும்வரை நெட்டை நின்று பார்த்தாள். அன்று ஆரம்பித்தது. "நான் மேல போகப் போறேன்" என்று வீட்டில் சொன்னபோது தங்கை பதறிவிட்டாள். பிறகுதான் மூன்றாவது மாடியைச் சொல்கிறாள் என்று புரிந்தது.

மதிப்பெண்ணெல்லாம் நன்றாகத்தான் வாங்கினாள். மதிப்பெண் மட்டும் போதுமானதாக இல்லை. பரிசோதனைக் கூடத்தில் சம்பளத்தோடு இரண்டு வருடப் பயிற்சி உண்டு. பொது வரிசையில் விண்ணப்பித்தால் ஏதாவது ஒரு கிளினிக்கில் ஒரு வருட அனுபவம் கேட்பார்கள். கிளினிக்கில் போய்க் கேட்டால் முன் அனுபவம் கேட்பார்கள். இந்தச் சுற்றிலேயே பல பிள்ளைகள் தலைசுற்றிப் போய் உட்கார்ந்துவிட்டன.

அதை உடைத்தது வழித்துணைத் திட்டம். ஒரே ஒரு வாடகை அறை, மூன்று நாற்காலி, ஒரு பழைய கணினி, மொத்தம் நாலு பேர். அவர்களில் ஒருத்தியைப் பிள்ளைகள் வழித்துணை அக்கா என்று கூப்பிட்டார்கள். முன்பு பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவள். நேர்காணலுக்குப் பிள்ளையோடு கூடவே போவாள், வெளியே பெஞ்சில் காத்திருப்பாள். வேலை கிடைத்தால் முதல் இரண்டு வாரம் காலையில் வாசல்வரை கூட நடப்பாள். ஒருநாள் வரவில்லை என்றால் மறுநாள் வீட்டுக்கு வந்து நிற்பாள். அவ்வளவுதான் திட்டம். இந்த நாலு பேர் மருத்துவமனையோடு பேசி, வருடத்துக்குப் பன்னிரண்டு இடங்களை இந்தத் தெருப் பிள்ளைகளுக்கென்று வாங்கிவைத்திருந்தார்கள், அனுபவச் சான்று இல்லாமல். முதல் ஆறு பேர் உள்ளே போய்விட்டார்கள். அடுத்த ஆறு பேருக்கு ஒன்பதாம் மாதம் நேர்காணல். அந்தப் பட்டியலில் நெட்டை மூன்றாவது.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் திட்டங்களுக்குப் பணம் தரும் அரசுத் துறையிலிருந்து அறிவிப்பு வந்தது. இளைஞர்களுக்காக இரண்டு திட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, இனி ஒன்றைத்தான் நடத்த முடியும். ஒன்று வழித்துணை. இன்னொன்று, ஊர்க்கோடியில் பெரிய கட்டடத்தில் நடந்த மூன்று மாதப் பயிற்சிக் கூடம். ஒரு தடவைக்கு முந்நூறு பேர், முடித்தவுடன் கிடங்குகளிலும் கடைகளிலும் வேலை. எதை வைத்துக்கொள்வது என்பதை யாருடைய சிபாரிசும் தீர்மானிக்காது, ஆதாரம் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு என்று அமைச்சகத்து அதிகாரி எழுதியிருந்தார்.

கேள்விக்காரி அந்த வரியை வீட்டில் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். பதினாறு வருடம் எழுதி எழுதி அலமாரிக்குப் போன தாள்களை முதல் தடவையாக ஒருவர் திருப்பிப் பார்க்கப்போகிறார். அதுவும் எந்தத் திட்டம் ஜெயிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெருவில் கண்ணெதிரே நடப்பதுதானே.

"ஆதாரம் கேக்கறாங்கடி. நம்மகிட்ட இல்லாததா?" என்றாள் நெட்டையிடம்.

ஒரே சிக்கல், ஆறு வாரத்துக்குள் வேண்டும் என்றார்கள். கால்நடையாகப் போய்க் கேட்டால் ஆறு மாதம் ஆகும். ஆகவே தொலைபேசியில் கேட்பது என்று முடிவானது. இருபத்தாறு புதிய ஆட்களை எடுத்தார்கள், பெரும்பாலும் கல்லூரி முடித்தவர்கள், இந்தத் தெருக்களில் கால் வைத்திராதவர்கள். ஓர் அழைப்புக்கு நாலு நிமிடம். கையில் டேப்லெட். கேள்விகள் எல்லாம் திரையில், பதில்கள் எல்லாம் பொத்தான்களாக. குறிப்பு எழுத இடம் கிடையாது.

முக்கியமான கேள்வி ஒன்றுதான். வேலையில் சேர்த்துவிட்டு ஆறு மாதம் ஆன பின் பிள்ளை அதே வேலையில் இருக்கிறதா இல்லையா. முதலில் எழுதிய படிவத்தில் 'வேலையில் நிலைத்து நின்றார்', 'வேலையை விட்டுவிட்டார்', 'மற்றவை' என்று இருந்தது. அவ்வளவு நீளம் பொத்தானுக்குள் அடங்கவில்லை. யாரோ கத்தரித்தார்கள். திரையில் வந்தபோது 'நின்றார்', 'விட்டார்', 'மற்றவை' என்று மூன்றே சொல். கேள்விக்காரி அதைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குப் பழைய நீள வாக்கியம்தான் தெரிந்தது. ஒன்றும் உறுத்தவில்லை.

பயிற்சி நாளன்று எல்லாமே ஏறுக்குமாறாக நடந்தது. பாதி டேப்லெட்டில் சார்ஜ் இல்லை. திரையில் படம் விழவில்லை. இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூன்று மணிக்குள் முடித்துக் கூடத்தைக் காலி செய்யவேண்டும். அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்: சொன்ன சொல்லே பதில், நீங்களாக அர்த்தம் பண்ணாதீர்கள். இரண்டாவது வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கை தூக்கினாள்.

"மேடம், பையன் நின்னுட்டான்னு சொன்னா எதப் போடறது?"

"அதே வார்த்தை திரையில இருக்கே. அதப் போடு. அடுத்த கேள்வி" என்றாள் கேள்விக்காரி.

அந்தப் பெண் சரி என்று தலையாட்டி எழுதிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

ஆறு வாரம் கழித்து அறிக்கை வந்தது. மூன்று மாதக் கூடத்திலிருந்து வேலைக்குப் போனவர்களில் நூற்றுக்கு எண்பத்தொரு பேர் ஆறு மாதத்துக்குப் பிறகும் வேலையில் நின்றார்கள். வழித்துணைப் பிள்ளைகளில் நூற்றுக்கு இருபத்திரண்டு.

கேள்விக்காரி அந்த அட்டவணையைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். வரிசை மாறி அச்சாகிவிட்டதோ என்று தலைப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். மாறவில்லை. நாலு நாள் அறிக்கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். எண்பத்தொன்றா? அவள் தெருக்களில் பகலில் எத்தனை ஷூ வாசலில் கிடக்கிறது. ஆனால் தான் பார்ப்பது ஒரு மூலை, அறிக்கை பார்ப்பது மொத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நிறுவனத்தில் அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். பையில் இருநூற்று ஆறாம் எண்ணாக இருந்த பையனின் அம்மா; அவன் மூன்று மாதக் கூடத்திலிருந்து கிடங்கு வேலைக்குப் போனவன். என்ன கேள்விக்காரி, இப்பல்லாம் வர்றதில்ல, போன்லயே முடிச்சுக்கறீங்க என்று சீண்டினாள். பையன் எப்படி இருக்கிறான் என்று இவள் ஒப்புக்குக் கேட்டாள்.

"அவன் அப்பவே நின்னுட்டானே. ரெண்டாம் மாசமே. போன் பண்ண பொண்ணுகிட்டயும் அதத்தான் சொன்னேன்."

இரண்டாம் மாதமே நின்றுவிட்டான். பேருந்து வந்தது, இருநூற்று ஆறின் அம்மா ஏறிப் போய்விட்டாள். கேள்விக்காரி ஏறவில்லை.

அந்தத் தெருக்களில் யாரும் பிள்ளை வேலையை விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டார்கள். 'விட்டுட்டான்' என்றால் பழி பிள்ளை மேல் விழும். கிடைத்ததைக் கைநழுவ விட்ட ஊதாரி என்று ஆகிவிடும். அதனால் 'நின்னுட்டான்' என்பார்கள். மழை நிற்பதுபோல, மணி நிற்பதுபோல, யார் மேலும் குற்றம் இல்லாமல் நின்றுபோயிற்று. வேலையில் இருக்கிற பிள்ளையைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? "போயிட்டு வந்துட்டு இருக்கா" என்பார்கள். கண் பட்டுவிடக் கூடாதே என்று அதற்குமேல் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். போய்வருகிறாள் என்பதற்குத் திரையில் பொத்தான் இல்லை. மற்றவை.

இதெல்லாம் கேள்விக்காரிக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவள் நேரில் போய் எழுதிய வருடங்களில் 'நின்னுட்டான்' என்று காதில் விழுந்ததும் கை தானாக 'விட்டார்' கட்டத்துக்குப் போயிருக்கிறது, யோசிக்காமலே. அர்த்தம் பண்ணாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தான் பதினாறு வருடமும் அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். தெரியாமல் கேட்ட ஒரே பெண்ணுக்குத்தான் விதிப்படி பதில் சொன்னாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தாள். மூன்று மாதக் கூடத்துப் பட்டியலில் 'நின்றார்' என்று விழுந்த நாற்பது வீடுகள். ஐந்து பேர் வேலையில் இருந்தார்கள். இரண்டு வீடு பூட்டியிருந்தது. மீதி முப்பத்துமூன்று பேரும் விட்டவர்கள். வழித்துணைப் பட்டியலில் 'மற்றவை' என்று விழுந்த ஒன்பது வீடுகளுக்கும் போனாள். எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்டுக்குப் போயிருந்ததால் வீட்டில் இல்லை.

நெட்டையிடம் படிவத்தில் ஏதோ கோளாறு, சரிசெய்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள். கோளாறு எங்கே என்று சொல்லவில்லை. தங்கை கேட்டபோதும் மென்று முழுங்கினாள்.

மேடத்தின் அறையில் ஏசி அதிகம். துறையின் கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. கேள்விக்காரி நாற்பத்தொன்பது வீட்டுக் கதையையும் தாளில் வைத்து நீட்டினாள். மேடம் வேகமாகப் படிக்கிறவர். முதல் பக்கத்திலேயே முகம் மாறிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

"இத அவங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

மேடம் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதுபோல் கேட்டார். "உங்க சொந்தத்துல யாராவது இந்த ரெண்டு திட்டத்துலயும் இருக்காங்களா?"

"தங்கச்சி பொண்ணு. வழித்துணைல. இன்னும் வேலைக்குப் போகல, பட்டியல்ல இருக்கா."

"நீங்க உறுதிமொழித் தாள்ல இல்லன்னு போட்டிருக்கீங்களே."

"அதுல 'உங்கள் பிள்ளைகள்'னு கேட்டிருந்தது மேடம். எனக்குப் பிள்ளை இல்ல. கேட்டதுக்குப் பதில் போட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இந்த நாற்பத்தொன்பது வீடும் இனி கணக்கில் வராது என்று பொறுமையாக விளக்கினார். பொய் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தங்கை மகளுக்கு இடம் கிடைக்கவேண்டிய ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய்க் கேட்டு, தனக்குச் சாதகமான விடையோடு வந்திருக்கிறாள். வேறு ஆட்களை வைத்து மறுபடி கேட்க வேண்டும். அதற்கு நாலு மாதம் ஆகும். கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதுகிறேன், நிச்சயம் எழுதுகிறேன் என்றார்.

எழுதவும் செய்தார். கூட்டம் தள்ளிப்போகவில்லை. தீர்மானத்தின் கடைசிப் பக்கத்தில், 'தரவு குறித்துக் களப்பணியாளர் ஒருவர் எழுப்பிய ஐயம் பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு முந்தைய பக்கத்தில், மாதக் கடைசியோடு வழித்துணை மூடப்படும் என்று இருந்தது.

மூடுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மூன்று நாற்காலிதானே. வழித்துணை அக்கா அதற்குப் பிறகும் இரண்டு வாரம் தன் கைப்பேசியிலிருந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு, எழுந்தாயா, கிளம்பினாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கு ஒரு சினிமா கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: ஒப்பந்தம் திட்டத்தோடு போடப்பட்டது, திட்டம் இல்லாததால் ஒதுக்கீடும் இல்லை, விருப்பமுள்ளவர்கள் பொது வரிசையில் அனுபவச் சான்றுடன் விண்ணப்பிக்கலாம்.

நெட்டை ஏழு கிளினிக்குகளுக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். கேள்விக்காரி கூட வருகிறேன் என்றதற்கு, "நீங்க வந்து என்ன சொல்லுவீங்க பெரியம்மா? கேள்விதான் கேப்பீங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள். அப்போது அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. ஒரு கிளினிக்கில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டுமென்றார்கள், ஆனால் அதை அனுபவமாக எழுதித் தர மாட்டோம் என்றார்கள். பத்தாம் மாதம் சலவைக்கூடத்தில் ஒரு பெண் முதுகு போய் நின்றுவிட, மேற்பார்வையாளர் தங்கையிடம் உன் பெண் உயரமாக இருப்பாளே, மேல் அலமாரிக்கு ஏணி போடவேண்டாம் என்றார். அம்மாவும் மகளும் ஒரே பேருந்தில் போனார்கள், ஒரே படியில் இறங்கினார்கள். நெட்டை பரிசோதனைக் கூடத்தின் வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்தாள். மூன்றாவது மாடிக் கோட்டில் கறை குறைவு, ஆனால் பையில் பேனா மூடிகளை மறந்து வைத்துவிடுகிறார்கள் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். தங்கை அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

மறு ஆய்வுக்கு அனுமதி வரவே ஐந்து மாதம் ஆனது; தொடங்கியபின் சொன்னபடி நாலு மாதத்தில் முடிந்தது. நீள வாக்கியத்தையே வாயால் சொல்லிக் கேட்டார்கள். மூன்று மாதக் கூடத்துக்கு இருபத்தொன்பது. வழித்துணைக்கு எழுபத்தேழு. மேடம் தானே தொலைபேசியில் கூப்பிட்டார். நீங்க சொன்னதுதான் சரி என்றார். துறை இதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறது, அடுத்த திட்டக் காலத்தில், மூன்று வருடம் கழித்து, வழித்துணையை மறுபடி பரிசீலிக்க வாய்ப்பு உண்டு என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, இந்த வருட ஒப்பந்தத்தில் உங்கள் பெயரைச் சேர்க்க முடியவில்லை, உறுதிமொழித் தாள் விஷயம் மேலே போய்விட்டது என்றார். எனக்குக் கோபமெல்லாம் இல்லை என்றார். கேள்விக்காரி சரி மேடம் என்றாள். பதினாறு வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

திருத்திய அறிக்கை தபாலில் வந்தது. அன்று தங்கைக்கும் மகளுக்கும் விடுமுறை. கேள்விக்காரி அதைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். நியாயம் நம் பக்கம்தான் இருந்தது என்றாவது பிள்ளை பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

நெட்டை எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிறவள். அட்டவணையைப் படித்தாள். எழுபத்தேழு என்ற எண்ணின் மேல் விரல் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்புக்குப் போனாள். சத்தமாகப் படித்தாள்.

"முந்தைய அறிக்கையின் வேறுபாடு, பயிற்றுநர் அளித்த தவறான விளக்கத்தால் ஏற்பட்டது." நிமிர்ந்தாள். "பயிற்றுநர்னா யாரு பெரியம்மா?"

அந்த அறையில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது வெறும் கேள்வி. கேள்விக்காரிக்கு இத்தனை வருடத்தில் இதுபோல ஒரு கேள்வியை யாரிடமும் கேட்டதாக நினைவில்லை. தெரியவில்லை என்று சொல்லலாம். அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

"நான்தான்" என்றாள்.

கண்ணாடி போட்ட பெண் கேட்டதையும் தான் சொன்னதையும் ஒரு சொல் மாற்றாமல் சொன்னாள். சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தங்கை அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நடுவில் நின்றாள்.

"அவ என்ன, தெரிஞ்சா பண்ணா?" என்றாள் மகளைப் பார்த்து.

"தெரியாமத்தான் பண்ணியிருக்காங்க. அது எனக்குப் புரியுதும்மா." நெட்டையின் குரல் உயரவில்லை. "பத்து மாசமா சொல்லலையே, அது தெரிஞ்சு பண்ணதுதான?"

தங்கை அடுப்படிக்குத் திரும்பினாள். அறிக்கையின் பக்கத்தை நெட்டை மடக்கினாள். விரிப்பு மடிக்கிற கை. மூலையோடு மூலை சரியாகச் சேர்ந்தது.

"மூணு வருஷம் கழிச்சு வந்தா எனக்கு இருபத்திரண்டு முடிஞ்சிரும். அவங்க இருபத்தொண்ணு வரைக்கும்தான் எடுக்கறாங்க" என்றாள். பிறகு, "அந்த ரெண்டாவது பட்டியல்ல என்னையும் சேத்து ஆறு பேர்" என்றாள்.

"ஆமா."

"மத்த அஞ்சு பேர் வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"போய்ச் சொல்லுங்க. நம்ம பசங்களுக்கே வேலைல இருக்கத் துப்பில்ல, அதான் திட்டத்த மூடிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. நானே அப்படித்தான் நினைச்சேன்."

அடுத்த வாரம் கேள்விக்காரி பை இல்லாமல் கிளம்பினாள். கை இரண்டும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தொங்கின. முதல் வீட்டில் அந்தப் பையனின் அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, இதை ஏன் என்னிடம் சொல்கிறாய், நான் என்ன பண்ணணும் என்று கேட்டார். அவள் அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தாள். இரண்டாவது வீட்டில் டீ கொடுத்தார்கள், திட்டம் மறுபடி வருமா என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்கள். மூன்றாவது வீட்டுப் பெண் மூன்று மாதக் கூடத்தில் சேர்ந்திருந்தாள், அதுதான் நல்ல திட்டம் என்று பேப்பரில் போட்டிருந்தார்களாம். நான்காவது வீட்டில் பையனின் அக்கா, இவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

ஐந்தாவது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பழைய ஆட்கள் எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டுக்கும் தெரியவில்லை, எதிர்க்கடைக்கும் தெரியவில்லை. கொடுத்துவைத்திருந்த தொலைபேசி எண் உயிரோடு இல்லை.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். நெட்டை மறுநாள் ஷிப்ட்டுக்குச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். அஞ்சாவது ஆள் கிடைக்கல" என்றாள் கேள்விக்காரி மறுபடியும்.

"தேடுங்க" என்றாள் நெட்டை. "உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான அது."